இலையோரம் ஒலிக்கும் 'போதும்': ஒரு கள ஆய்வு

விருந்தாளி 'போதும்' என்றால் போதும் என்றுதான் பொருளா? அகராதிக்காரர்கள் இந்தக் கேள்வியைச் சுலபமாகத் தாண்டிவிட்டார்கள். பரிமாறுகிறவர்களால் தாண்ட முடியவில்லை. எனவே இவ்வாய்வு. களம்: எங்கள் வீட்டுக் கூடம். காலம்: தீபாவளிக்கு மறுநாள் காலை. ஆய்வுப்பொருள்: இட்லி. நிதியுதவி: எவருமில்லை, மாவு பெரியம்மாவுடையது.

ஆய்வுக்குழு முதல் ஈட்டிலேயே இரண்டாக உடைந்தது. சித்தப்பா அளவுசார் ஆய்வாளர். எண்ண முடியாததை நம்பமாட்டார். பெரியம்மா பண்புசார் ஆய்வாளர். அப்படி ஒரு பெயர் தனக்கு இருப்பது அவருக்குத் தெரியாது.

சித்தப்பாவின் குலதெய்வம் ரொனால்ட் ஃபிஷர். கோப்பையில் முதலில் விழுந்தது பாலா தேநீரா என்று குடித்தே சொல்வேன் என்றார் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பை, நாலு அப்படி, நாலு இப்படி, வரிசையைக் கலைத்துக் கொடுத்து அதைச் சோதிக்கும் முறையை ஃபிஷர் 1935இல் வந்த தம் நூலில் விளக்கினார். எட்டில் நாலைப் பொறுக்க 70 வழிகள். குருட்டாம்போக்கில் அத்தனையும் சரியாக அமைய 70இல் ஒரு வாய்ப்பு. கேள்வியும் கோப்பைக் கணக்கும் முன்பே முடிவாகிவிட்டன, மிச்சம் எண்ணுவதுதான். பால் எப்போது விழுந்தால் அந்த அம்மாளுக்கு என்ன என்பது இம்முறையில் கேள்வியே அல்ல. பெரியம்மா அதைத்தான் முதலில் கேட்டார்.

லிக்கர்ட் 1932இல் வகுத்த அளவுகோலை ஒட்டிச் சித்தப்பா ஒரு படிவம் தயாரித்தார். 'எனக்கு இன்னொரு இட்லி தேவை' என்ற கூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். மதுரை மாமா மரியாதைக்காக நடுவில், 'கருத்து ஏதுமில்லை' என்பதில் டிக் அடித்தார். "மூணு" என்று உரக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டார் சித்தப்பா. அடுக்களையில் அது காதில் விழ, பெரியம்மா மூன்று இட்லி கொண்டுவந்து வைத்தார்.

கண் துடிப்பதும் கண்ணடிப்பதும் இமையின் அசைவில் ஒன்றுதான். கில்பர்ட் ரைல் சொன்ன இந்த உதாரணத்தை எடுத்துக்கொண்டு, வேறுபாட்டைப் பிடிக்க அடர்த்தியான விவரிப்பு வேண்டும் என்று கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1973இல் எழுதினார். பெரியம்மா அதற்கு முன்பிருந்தே இட்லி வைக்கிறார். அவர் வகைப்பாடு இது: 'போதும்' சொல்லும் கை இலைக்கு ஒரு சாண் மேலே நின்றால், ஒன்று வைக்கலாம். 'போதும் போதும்' என்று இரட்டித்தால் கூச்சம்; வைத்தே ஆகவேண்டும். கண் சட்னிக் கிண்ணத்தில் இருக்க வாய் மட்டும் சொன்னால், கேட்பது சட்னி. இரண்டு கையாலும் இலையைப் பொத்தி, ஆளே கவிழ்ந்து காத்தால் அரை இட்லி. சித்தப்பாவின் நோட்டில் இந்த நாலும் ஒரே கட்டத்தில் 'மறுப்பு' என்று விழுந்திருந்தன.

ஆனால் பண்புசார் முறையில் ஆய்வாளரே கருவி. அந்தக் கருவிக்கு மாற்று கடையில் கிடைக்காது. மறுநாள் சித்தி பரிமாறினார். அதே மாமா, அதே 'போதும்'. சித்தி நிறுத்திவிட்டார். மாமா கை கழுவ எழுந்த வேகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தவிர, பொங்கலுக்கு எல்லாரும் வந்தால் எத்தனை படி அரிசி ஊறப்போடுவது என்ற கேள்வி எழுந்தபோது, பெரியம்மா சத்தமில்லாமல் சித்தப்பாவின் நோட்டைத்தான் கேட்டு வாங்கினார்.

ஒரு சந்தேகம் மிஞ்சியது. எத்தனை பேரிடம் ஆய்வு செய்தால் போதும்? அளவுசார் ஆய்வாளர் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்லிவிடுவார். பண்புசார் ஆய்வுக்கு, கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967இல் ஒரு வழி சொன்னார்கள்: இனிப் புதிதாக எதுவும் தேறாது என்ற நிறைவு வரும்போது நிறுத்திக்கொள்ளலாம். அதாவது, ஆய்வாளரே 'போதும்' என்று சொல்லிவிடலாம்.

இதைப் பெரியம்மாவிடம் விளக்கினேன். இட்லித் தட்டைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படிச் சொன்னப்ப அவங்க கை எங்க இருந்துச்சு?" என்றார்.