பெட்ரோல் குடிக்கும் பூதங்கள்

கேள்வி: அமெரிக்காவின் பெரிய பெட்ரோல் லாரி எஞ்சின்களுக்கு வந்த கெட்ட பெயர் நியாயம்தானா?

பதில்: குடித்த கணக்கில் நியாயம், உழைத்த கணக்கில் அநியாயம். 1960-ல் ஜிஎம்சி கொண்டுவந்த ‘ட்வின் சிக்ஸ்’ எஞ்சினுக்கு 12 சிலிண்டர், 11.5 லிட்டர் கொள்ளளவு, 275 குதிரைத்திறன். ஃபோர்டின் 534 கன அங்குல வி8, 1958-ல் வந்து 20 ஆண்டுகளுக்கும் மேல் விற்பனையில் நின்றது. நோஞ்சான் எஞ்சின் அத்தனை காலம் நிற்காது.

குறை வயிற்றில்தான். பெட்ரோல் கலவையை அதிகம் அழுத்தினால் அது தானாகவே பற்றிக்கொண்டு, எஞ்சின் ‘நாக்’ அடிக்கும். அதனால் அழுத்த விகிதத்தை டீசலில் பாதியளவுக்கே வைக்க வேண்டியிருந்தது. போதாததற்கு, பாரம் குறைந்த நேரத்தில் திராட்டில் வால்வு காற்றை மறிக்க, மூச்சிழுக்கவே சக்தி விரயமாகும். 1973-ல் எண்ணெய் விலை எகிறியதும் இந்தப் பசி எல்லோர் கண்ணிலும் பட்டது.

பிற்காலத்தில் புகைக் கட்டுப்பாட்டால் டீசலுக்குக் கரி வடிகட்டி, யூரியா கரைசல் என்று மருத்துவச் செலவு ஏறியது. பெட்ரோலுக்கு மறுபடி வழி பிறந்தது; 2020 மாடலில் ஃபோர்டு 7.3 லிட்டர் பெட்ரோல் வி8-ஐ இறக்கியது. அமெரிக்கப் பள்ளிப் பேருந்துகளிலும் அது ஓடுகிறது. குறுகிய ஓட்டத்துக்குப் பெட்ரோல் போதும். நெடுந்தூரப் பாரத்துக்கு டீசல்தான்.