பாஞ்சாலி வராத குருக்ஷேத்திரம்

1989-இல் டெல்லி லோதி ரோடு அரசாங்கக் குவார்ட்டர்ஸில் தமிழ்ப் படம் பார்ப்பது என்றால் கிட்டத்தட்ட ஒரு கல்யாணம். கரோல் பாக்கிலிருந்து கேசட், வாடகைக்கு வி.சி.ஆர்., நாலு வீட்டு ஜமக்காளம். அன்றைக்குப் படம் 'கர்ணன்'.

வினை எதிர்வீட்டுக் கர்னால்காரர் ரூபத்தில் வந்தது. அவர் ஊரே கர்ணன் பேரால் ஏற்பட்டது என்று ஐதீகம். "எங்க ஊர் ராஜா படமா?" என்று வேர்க்கடலைப் பொட்டலத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். மொழிபெயர்க்கும் வேலை என் தலையில்.

குந்தி வந்தாள். "இது அம்மாவா, அக்காவா?" நியாயமான சந்தேகம்தான். எம்.வி.ராஜம்மா சிவாஜியைவிடப் பத்து வயசுகூட மூத்தவரில்லை. கிருஷ்ணர் வந்ததும் மனிதர் துள்ளி எழுந்தார். "அரே, ஆந்திரா முதலமைச்சர்!" என்.டி.ராமராவேதான். குரல் மட்டும் கே.வி.சீனிவாசனுடையது என்றேன். "பகவானுக்கே இரவல் குரலா?" என்று கடலை உரிப்பதை நிறுத்திவிட்டார்.

யுத்தக் காட்சியில் வாயை மூடிக்கொண்டார். இயக்குநர் பந்துலு நிஜக் குருக்ஷேத்திரத்துக்கே போய் எடுத்த காட்சிகள் அவை. 1964 பொங்கலுக்குப் படம் வந்தபோது ஹரியானாவே பிறக்கவில்லை, அது பஞ்சாப். "எங்க பக்கத்துத் தூசி, பார்த்தாலே தெரியும்" என்று டி.வி.யைத் தடவாத குறை.

அப்புறம்தான் அந்தக் கேள்வி. "எல்லாம் சரி, திரௌபதி எங்கே?"

ஜமக்காளத்தில் நிசப்தம். ஞாயிறு காலை மகாபாரதத் தொடரில் அவள் வந்து ஊரே அழுதுகொண்டிருந்த வருஷம் அது. புரானா கிலா எங்களுக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். இந்திரப்பிரஸ்தமே அதுதான் என்பார்கள். அந்த இந்திரப்பிரஸ்தத்து ராணியைக் காணோம்!

"பழைய கேசட் சார், தேய்ஞ்சிருக்கும்" என்றார் எங்கள் மாடிவீட்டு மாமா.

தேயவில்லை. வியாசரின் கர்ணன் சபை நடுவே அவளை வேசி என்றவன். ஆடையை உரியச் சொன்னவன். அவளை உள்ளே விட்டால் இவனைக் கொடைவள்ளலாக நிறுத்துவது கஷ்டம். ஆகவே சூதாட்ட மண்டபத்துக்கே பூட்டுப் போட்டாயிற்று. நாமும் கால் நூற்றாண்டாகக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? ஒரு பக்கம் விஸ்வநாதன்-ராமமூர்த்தி, இன்னொரு பக்கம் சிவாஜி. அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவனுக்கு வியாசர் ஞாபகம் எங்கே வரும்?

கடைசியில் தேர்ச்சக்கரத்தில் சாய்ந்து அம்பு தைத்த சிவாஜி, எதிரே தானம் கேட்டு வந்த கிழவர், சீர்காழியின் குரல். மொழிபெயர்க்கலாம் என்று திரும்பினேன். கர்னால்காரர் கையமர்த்தினார். மப்ளர் நுனி கண்ணில் இருந்தது. மாமா ஏற்கெனவே தேம்பிக்கொண்டிருந்தார்.

2012 மார்ச்சில் 'கர்ணன்' டிஜிட்டலில் மறுபடி தியேட்டருக்கு வந்து நூறு நாளைத் தாண்டி ஓடியது. வர்ணம் திரும்பி வந்தது, ஒலி துல்லியமாக வந்தது. பாஞ்சாலி மட்டும் வரவில்லை.