ஓவியக் குளத்தில் எத்தனை மீன்?

(இந்த வாரம் சித்தன்னவாசல் சுற்றுவட்டார வாசகர்களின் கேள்விகள்)

கே: சித்தன்னவாசல் அறிவர் கோயில் விதானத்தில் தீட்டியிருக்கும் தாமரைக் குளம்தான் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் சிமுலேஷன் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?
*– பேருந்துப் பயணி, அன்னவாசல்*

ப: நண்பருக்குப் பாறைச் சூடு தலைக்கேறியிருக்கலாம். ஆனாலும் கால்வாசி உண்மை இருக்கிறது. தாமரை, மீன், பறவை, எருமை, யானை, பூப்பறிக்கும் மூவர் என எல்லாரும் அங்கே ஒரே தண்ணீரில் இருக்கிறார்கள். யானை நாலடி நகர்ந்தால் தண்ணீர் கலங்கும், மீன் ஒதுங்கும், மீனை நம்பி வந்த பறவை வேறு குளம் பார்க்கும். ஒன்றின் அசைவு ஊரையே அசைக்கும் இந்த ஏற்பாட்டுக்குத்தான் சிக்கலமைப்பு என்று பெயர். ஓவியர் அதை நிறுத்திக் காட்டினார். சிமுலேஷன் அதை ஓடவிட்டுப் பார்க்கிறது.

கே: சிமுலேஷனில் எத்தனை வகை? பரீட்சை நெருங்குகிறது, சுருக்கமாகச் சொல்லவும்.
*– கல்லூரி மாணவி, கீரனூர்*

ப: உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் மூன்று பேரை நிறுத்துங்கள். முதலாமவர் தண்ணீரை மட்டும் பார்க்கிறார்: வரத்துக்காலில் வந்தது, மடையில் போனது, வெயில் குடித்தது, மிச்சம். இதன் பெயர் சிஸ்டம் டைனமிக்ஸ். ஆலையில் ஆள் தேவை ஏன் ஏறி இறங்குகிறது என்று கண்டுபிடிக்கப்போய், எம்.ஐ.டி.யின் ஜே ஃபாரஸ்டர் 1950களில் உருவாக்கியது. இரண்டாமவர் ஆட்களைப் பார்க்கிறார்: யார் நெல் போடுகிறார், யார் பக்கத்து வயலைப் பார்த்து மனம் மாறுகிறார். இது ஏஜென்ட் முறை. மூன்றாமவர் கையில் கடிகாரம் இருக்கிறது: இன்னாருக்கு முறை வந்தது, மடை திறந்தது, அடைத்தது, அடுத்தவர் காத்திருக்கிறார். இது நிகழ்வு முறை. மூன்று மார்க் கேள்வி என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கே: சித்தன்னவாசல் குன்றில் உள்ள ஏழடிப்பட்டக் குகையில் சமணத் துறவிகளுக்குப் பதினேழு கற்படுக்கைகள். பதினெட்டாவது துறவி வந்திருந்தால்?
*– பள்ளி ஆசிரியர், இலுப்பூர்*

ப: அன்றைக்கு அவருக்கு உறக்கமும் விரதம். சிரிப்புக்குச் சொன்னாலும் கேள்வி பெரியது. எத்தனை இடம், எவ்வளவு நேரத்துக்கு ஒருவர் வருகிறார், எவ்வளவு நேரம் தங்குகிறார் என்ற மூன்றும் தெரிந்தால் காத்திருப்பைக் கணக்கிடலாம். கோபன்ஹேகன் தொலைபேசி இணைப்புகளுக்காக எர்லாங் 1909இல் தொடங்கிய கணக்கு இது. ஆஸ்பத்திரிப் படுக்கை முதல் ரேஷன் கடை வரிசை வரை இன்றும் இதே வம்சம்தான்.

கே: ஐயா, எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர்க் கணக்கு ஒன்று போதாதா? மூன்று எதற்கு?
*– விவசாயி, குடுமியான்மலை*

ப: பயிருக்கு நூறு நாள் தண்ணீர் வேண்டும், கண்மாயில் தொண்ணூறு நாளைக்குத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர்க் கணக்குக்காரர், “பத்தில் ஒரு பங்குதானே குறை, எல்லாரும் தாங்கிக்கொள்ளலாம்” என்பார். வாய்க்காலில் நடப்பது உங்களுக்கே தெரியும். தலைமடையில் குறையே தெரியாது. கடைமடையில் கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். குறை ஒன்றுதான், ஆனால் அது யார் தலையில் விழுகிறது என்பதைச் சராசரி சொல்லாது. அதற்குத்தான் ஆளையும் முறையையும் சேர்க்கிறோம்.

கே: மூன்றையும் ஒன்றாகப் போட்டால் கூட்டாஞ்சோறு ஆகிவிடாதா?
*– இல்லத்தரசி, விராலிமலை*

ப: கூட்டாஞ்சோற்றிலும் எது எப்போது உலைக்குப் போகும் என்று ஒரு கணக்கு உண்டல்லவா? இங்கே இரண்டு இடத்தில் அடிபிடிக்கும். ஒன்று, காலம். தண்ணீர்க் கணக்கு நாளுக்கு நாள் நகரும், மடைக் கணக்கு மணிக்கு மணி நகரும். எப்போது ஒன்றுக்கொன்று சேதி சொல்வது என்று முதலிலேயே பேசிவைக்க வேண்டும். இரண்டு, இரட்டைக் கணக்கு. கண்மாயில் கசிந்த நீர்தான் கிணற்றில் ஊறுகிறது. ஒருவர் அதை ‘நட்டம்’ என்று எழுத, இன்னொருவர் ‘புது வரவு’ என்று எழுதினால், கம்ப்யூட்டரில் மட்டும் மழை பெய்துகொண்டே இருக்கும்.

கே: இதை யாராவது உருப்படியாகச் செய்திருக்கிறார்களா?
*– சந்தேகப் பிராணி, நார்த்தாமலை*

ப: பாலித் தீவுக்குப் போவோம். அங்கே ‘சுபக்’ எனும் பாசனக் குழுக்கள் நீர்க்கோயில்களில் கூடி நடவு நாளை முடிவு செய்யும். எல்லாரும் ஒரே நாளில் நட்டால் தண்ணீர் போதாது. ஆளுக்கொரு நாளில் நட்டால் பூச்சிக்கு வருஷம் முழுக்க விருந்து. 1970களில் பசுமைப் புரட்சி வந்து, இடைவெளி விடாமல் நடச் சொன்னது. பூச்சி படையெடுத்தது.

ஸ்டீபன் லான்சிங், ஜேம்ஸ் கிரெமர் இருவரும் இரண்டு ஆறுகளின் 172 சுபக்குகளைக் கணினியில் ஏற்றி, 1993இல் முடிவை வெளியிட்டார்கள். ஆற்று ஓட்டத்துக்கு ஒரு கணக்கு, பூச்சிப் பெருக்கத்துக்கு ஒரு கணக்கு. குழுக்களுக்கோ ஒரே விதி: ‘அண்டை அயலில் யாருக்கு அதிகம் விளைந்ததோ, அவர் நடவு நாளைக் காப்பியடி.’ சில போகங்கள் ஓடியதும், கோயில்கள் வகுத்ததைப் போன்ற நடவு ஒழுங்கு தானாகவே உருவாகிவிட்டது. தண்ணீரை மட்டுமோ பூச்சியை மட்டுமோ பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

கே: பாலி இருக்கட்டும், நம் பக்கத்துக்கு வாருங்கள்.
*– அதே சந்தேகப் பிராணி*

ப: வந்தேன். தமிழ்நாட்டு ஏரிப் பாசனத்தை ஆராய்ந்த காஜிசா, பழனிசாமி, சகுராய் 2007இல் எழுதியது இது: சொந்தக் கிணறு பெருகப் பெருக, ஊர் கூடி ஏரியைப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் தளர்கிறது, அடி விழுவது கிணறு இல்லாத ஏழைக்கு. மோட்டார் வைத்தவர் குடிமராமத்துக்கு மண்வெட்டி எடுத்து வருவாரா? அவர் வராததால் கண்மாய் தூர்கிறது. அது தூர்வதால் அடுத்தவரும் போர் போடுகிறார். போடுவது தனி ஆளின் முடிவு, தூர்வது தண்ணீரின் கணக்கு. ஒன்று மற்றொன்றை வளர்க்கும் இந்தச் செக்கைச் சுற்றிப் பார்க்க இரண்டு முறையும் வேண்டும்.

கே: நோய்க்கும் இதே வைத்தியமா?
*– மருந்துக்கடை ஊழியர், திருமயம்*

ப: கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் 1927இல் எழுதிய புகழ்பெற்ற தொற்றுநோய்க் கணக்கு, 1905–06இல் பம்பாய்த் தீவில் நடந்த பிளேக் சாவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. மக்களை மொத்தமாக வாளிகளில் பிரித்த கணக்கு அது. அதே மும்பையை, 2020இல் கொரோனா வந்தபோது, பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் வீடு, வேலையிடம், பள்ளி என ஆள் ஆளாகக் கணினியில் குடியேற்றின. அலை எவ்வளவு உயரும் என்று மட்டும் கேட்டால் வாளி போதும். பள்ளியைத் திறக்கலாமா என்று கேட்டால் ஆள் வேண்டும்.

கே: கடைசியாக, இந்தக் கணினி மாதிரிகளை நம்பலாமா?
*– ஓய்வுபெற்ற கணக்கர், புதுக்கோட்டை*

ப: நம் மொழியே எச்சரித்துவிட்டது: அது ‘மாதிரி’தான், அதுவே அல்ல. எந்தப் பொருளையும் ஒரு கோணத்தில் முழுக்கச் சொல்லிவிட முடியாது என்பது சமணர்களின் அநேகாந்தவாதம். அவர்கள் படுத்த குன்றடியில் உட்கார்ந்துகொண்டு ஒரே முறையைப் பிடித்துத் தொங்கலாமா? அதற்காக எல்லாக் கோணத்தையும் திணிக்கவும் வேண்டாம். ஓவியக் குளத்தில் எத்தனை மீன் என்று கேட்டால் விரல் போதும். யானை இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்டால்தான் கூட்டு முயற்சி. கேள்விதான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கையில் இருக்கும் சாஃப்ட்வேர் அல்ல.

செய்து முடித்ததும், போன வறட்சி ஆண்டின் மழையைக் கொடுத்து ஓடவிடுங்கள். அன்று எந்த வயல் காய்ந்ததோ அதே வயல் திரையிலும் காய்கிறதா என்று பாருங்கள். காயவில்லையென்றால், ஊர் நீர்பாய்ச்சியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எங்கே தப்பு என்று அவர் சொல்வார். முதலிலேயே அவரைக் கேட்டிருந்தால் இன்னும் நல்லது.