மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போனது. பொருளாதாரத் தடையில் பெற்றோலும் அருமையாகிவிட்டது. அப்போதே வயதுபோன கார்கள்தான் எங்களைக் காப்பாற்றின. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கலியாணத்துக்கும் புகை கக்கியபடி அவைதான் வந்து நின்றன.

மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். பொனற்றைத் திறந்து, கார்பரேட்டருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். "சூடு ஏற முன்னம் மாத்திப்போடாதை தம்பி, பிளக் நனைஞ்சுபோம்" என்று எங்கள் ஒழுங்கைக் கராஜ் அண்ணை ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புவார். மண்ணெண்ணெய் வெடிக்கும் நேரமும் வேறு. பெற்றோலுக்கு வைத்த ரைமிங்கில் ஓட்டினால் எஞ்சின் தட்டும். டிஸ்றிபியூற்றரைக் கொஞ்சம் திருப்பி, காதை வைத்துக் கேட்டே அவர் சரிபார்ப்பார். எரியாத எண்ணெய் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். அதனால் ஒயிலை அடிக்கடி மாற்றவும், பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டவும் வேண்டும். இந்தப் பராமரிப்பைத் தவறவிட்டவர்களின் எஞ்சின்கள் சீக்கிரமே பழுதாகின.

மண்ணெண்ணெயும் தாராளமாகக் கிடைத்ததில்லை. ஒரு பயணத்துக்கு நாலு வீட்டு அலுவல் சேரும்வரை கார் வெளியே வராது. ஓட்டுபவர்கள் தேவையில்லாமல் பிரேக் பிடிக்கமாட்டார்கள். வாசலில் எஞ்சினை ஓடவிட்டு யாரும் கதைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்ததில்லை. எரிபொருள் சிக்கனம் என்றால் என்ன என்று எனக்குக் கற்றுத்தந்தவை அந்த வருடங்கள்தான்.

இன்று அதே ஒழுங்கையில் ரொயோட்டா அக்குவா நிற்கிறது. ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று அதன் திரையே சொல்லும். எரிபொருளைச் சேமிப்பதில் ஒஸ்ரின் அதன் கிட்டவும் வராது. ஆனால் 2022இல் நாடு முழுவதும் எரிபொருள் இல்லாமல் தவித்தபோது இந்தக் கெட்டிக்காரக் கார்கள்தான் அசையமுடியாமல் நின்றன. ஒஸ்ரினின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7. அக்குவாவுக்கு அது 13.4. அவ்வளவு அமுக்கத்தில் மண்ணெண்ணெய் விட்டால் எஞ்சின் தட்டும்; இன்ஜெக்டரும் சென்சரும் கெட்டுவிடும். அந்த ஜூலையில் வந்த கியூஆர் அட்டையில் காருக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்தது. எப்படிச் சமாளிப்பது என்று எல்லோரும் கலங்கினார்கள். தடைக்காலத்தில் 20 லீற்றர் பெற்றோலை ஒன்றாகக் கண்டவர் எங்கள் ஒழுங்கையில் இல்லை. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலையும் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. அடுப்புக்கும் மீன்பிடி வள்ளத்துக்கும் அதையே நம்பியிருந்த வீடுகளுக்கு அது பேரிடி.

பழைய புகைக்கு யாரும் திரும்ப வேண்டாம். அந்தப் புகையில் இருமியவர்களில் நானும் ஒருவன். ஆனால் கையில் இருப்பதை வைத்து ஒரு எஞ்சினை விளங்கிக்கொண்ட அந்த அறிவு பெரியது. அது எந்தப் பாடப்புத்தகத்திலும் ஏறவில்லை. அந்தக் கராஜ்காரர்களில் சிலர் இன்னும் எங்களூர்களில் இருக்கிறார்கள், முதுமையில். தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் அவர்களிடம் போக வேண்டும். ரைமிங்கை எவ்வளவு திருப்பினார்கள், ஒயிலை எப்போது மாற்றினார்கள், எந்த எஞ்சின் தாங்கியது, எது தாங்கவில்லை என்று கேட்டு எழுதிவையுங்கள். இந்த வருடமே போய்க் கேளுங்கள்.