கழுத்துத் திரும்பல்: ஒரு நாட்பட்ட பழக்கத்தின் இலக்கணம்

கழுத்துத் திரும்பல் என்பது, பள்ளிப் பருவத்தில் தொற்றி, கல்யாணமும் சர்க்கரையும் வந்த பிறகும் விடாத காதல் பழக்கத்தின் தலையாய அறிகுறி. உடல் ஒரு திசைக்கும் முகம் வேறொரு திசைக்கும் போகும். இதை ஆராய ஸ்ரீமுஷ்ணத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. அவ்வூர்ப் பூவராகப் பெருமாளே மேற்கு நோக்கி நின்று முகத்தை மட்டும் தெற்கே திருப்பியிருக்கிறார். அவருடைய திரும்பலுக்குத் தலபுராணம் காரணம் சொல்கிறது. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவருடைய திரும்பலுக்கு அந்த வசதி இல்லை.

இது போதை என்பதைக் கண்டறிந்த பெருமை வள்ளுவருக்கே. கள்ளைக் குடித்தால்தான் மயக்கம், காமமோ நினைத்தாலே மயக்கும் என்பது காமத்துப்பாலில் அவர் கண்ட வேறுபாடு. டாஸ்மாக் இரவு பத்து மணிக்கு மூடப்படும். நினைப்புக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. 2010இல் ஹெலன் ஃபிஷர் குழுவினர், காதலில் கைவிடப்பட்ட 15 பேருக்குப் பழைய ஆளின் படத்தைக் காட்டி எம்.ஆர்.ஐ. எடுத்தனர். கோகெய்ன் ஏக்கத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் விழித்துக்கொண்டன. தொல்காப்பியக் களவியலும் நோய் முற்றும் நிலைகளை வரிசைப்படுத்துகிறது: பார்ப்பதெல்லாம் அவராகவே தெரியும், பிறகு மறதி, மயக்கம், கடைசியில் சாக்காடு. நோயாளி சாகாமல், வீட்டுக்கடன் தவணை கட்டிக்கொண்டு நாற்பத்தைந்து வயது வரை இருப்பார் என்று இலக்கணம் எதிர்பார்க்கவில்லை.

பழக்கம் ஏன் இவ்வளவு நாள் நீடிக்கிறது? விடை புறாக்களிடம் இருக்கிறது. ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் வெளியிட்ட நூலின்படி, எப்போது தீனி விழும் என்று தெரியாத புறா, தீனியை நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சிதம்பரம் சுமார் 40 கிலோமீட்டர். காட்டுமன்னார்கோயில் வழியாகக் கல்லூரிக்குப் போகிற பேருந்தில் ‘ஆளு’ ஒருநாள் ஜன்னலோரம் இருக்கும், மறுநாள் இருக்காது, மூன்றாம் நாள் இருந்தும் பார்க்காது. தினமும் தவறாமல் வந்து, தினமும் சிரித்திருந்தால் அந்தக் காதல் லால்பேட்டை தாண்டியிருக்காது. நேரத்துக்கு வராத பேருந்துக்கும் இதில் பங்குண்டு. போக்குவரத்துக் கழகத்தை யாரும் இதுவரை குற்றம் சொன்னதில்லை.

படிப்பு முடிந்து, ஆளு நெய்வேலிக்கோ சென்னைக்கோ வாழ்க்கைப்பட்டுப் போனதும் போதையின் அளவு குறையும்; அற்றுப்போகாது. மாசி மகத்துக்குப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரி செல்வார். அங்கே இஸ்லாமியர்கள் அவரை வரவேற்று மரியாதை செய்வார்கள். பார்க்கத் தகுந்த அந்தக் காட்சியை நோயாளி பார்ப்பதில்லை. பெண்கள் தாய்வீட்டுக்கு வரும் நாள் அல்லவா? அவருடைய கழுத்துக்குக் கூட்டத்தில் வேறு வேலை இருக்கும்.

பழங்காலத்தில் முற்றிய நோயாளி பனைமடலால் குதிரை செய்து ஏறி, தெருவறிய அமர்வார். இப்போது வாட்ஸ்அப் முகப்புப் படத்தை இரவில் ஒருமுறை பெரிதாக்கிப் பார்ப்பதோடு சரி. மடல் குத்தாது, ஆனால் திரை வெளிச்சம் பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பிவிடும்.

சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கிறது. வண்டி பழைய தெருமுனையைக் கடக்கும்போது, பின்னிருக்கையிலிருந்து “ரோட்டப் பாத்து ஓட்டுங்க” என்று ஒரு குரல் வரும். கழுத்து உடனே நேராகும். பின்னிருக்கையில் இருப்பவரின் கழுத்து அந்த ஊரில் எங்கெங்கே திரும்புகிறது என்பது இன்னும் ஆராயப்படவில்லை. முன்னால் இருப்பவர், வண்டிக் கண்ணாடியைத் தலை சீவிக்கொள்வதற்குத் தோதாகத் திருப்பி வைத்திருக்கிறார்.