குட்டியானைக்கு எர்த்து எங்கடா?

வாடா பேராண்டி, ஒயர்மேன் தொரையே! சுண்ணாம்புக்குளத்துல பாதி வூட்டுக்கு நீதான் லைட்டு போட்டியாம். சந்தோசம். அந்தக் கையோட உங்க சித்தப்பன் குட்டியானைக்கும் ஹெட்லைட்டு மாட்டி வுட்டியாமே? நேத்து ராவு நண்டுக் கூடையோட ஆரம்பாக்கம் போறான், வெளிச்சம் எவனோ ஏரிக்கு நடுவுல பீடி பத்தவெச்ச மாதிரி இருக்குது. இண்டிகேட்டரு போட்டா ஹெட்லைட்டும் சேர்ந்து கண்ணடிக்குது. இந்த வயசுல அந்த வண்டி யாரைப் பார்த்துடா கண்ணடிக்கணும்?

நீ இன்னா பண்ணியிருப்பன்னு தெரியும். வூட்டுல எர்த்து ஒயரு சும்மா குந்தினு இருக்கும். கசிவு வந்தாத்தான் அதுக்கு வேலை. அது இல்லாட்டியும் பல்பு எரியும். அந்த நெனப்புலதான் வண்டி எர்த்தையும் துருப்புடிச்ச போல்ட்டுல பேருக்குச் சுத்திவுட்டுட்ட. அடேய், வண்டியில கரண்டு திரும்பி வர்ற வழியே எர்த்துதான்! பிளஸ்ல கெளம்புனது பாடித் தகடு வழியா மைனஸுக்கு வந்து சேரணும். நம்ம ஏரி உப்புக் காத்துல அந்தத் தகடு ரெண்டு மழைக்குள்ள அப்பளமா பொரிஞ்சுடுது. வழி அடைச்சா, அது பக்கத்து பல்புக்குள்ள பூந்துதான் போவும்.

கொஞ்சம் துருதானேன்னு சொல்லாத. அரை ஓம் தடைன்னு வெச்சுக்க. வூட்டுல 60 வாட் குண்டு பல்பு, 230 வோல்ட்டு, இழுக்கிறது கால் ஆம்பியர். அந்த ஜாயின்ட்டு முழுங்குறது அரைக்கால் வோல்ட்டு, கேக்க நாதியில்ல. வண்டியில 55 வாட்டு, ஆனா 12 வோல்ட்டு. நாலரை ஆம்பியர் ஓடணும். அதே ஜாயின்ட்டு கிட்டத்தட்ட 2 வோல்ட்டை முழுங்கிடும். வெளிச்சம் பாதிக்குப் பாதி காலி. இதுல மிச்சம் கெடந்த வூட்டு ஒத்தக்கம்பி ஒயரை வேற இழுத்திருக்க. குண்டுங்குழியில குலுங்குறதுக்குப் பல இழை ஒயரு வேணும்டா, தொரை!

ஃபியூஸும் போடலியாம். 12 வோல்ட்டு தொட்டா ஷாக்கடிக்காதுன்னு இளக்காரம். ஸ்பேனரு ஒண்ணு பேட்டரி குறுக்கே வுழட்டும், ஷாக்கு இல்லாமலே வெல்டிங் பார்ப்ப.

போ, உப்புத்தாளு வாங்கினு வா. தகடு பளபளக்கத் தேய், ரிங்கு வெச்சு முறுக்கு, மேல கிரீஸ் தடவு. எர்த்துதான் கரண்டு திரும்புற வழின்னு இதையே பாடமா எடுத்துக்கினு நாளைக்கு வூட்டுல எர்த்தை நியூட்ரலாக்கிடாத. உங்க ஆயா ஃபிரிட்ஜைத் தொட்டு ஷாக்கு வாங்கினா, திருப்பித் தர்றது எனக்குத்தான்டா!