ஔவையோடு ஓர் அரண்மனை டூர்

டிசம்பர் பிறந்தால் ஐரோப்பாவில் ஆற்றுக் கப்பல் சீசன். பகலில் அரண்மனை, சாயங்காலம் கிறிஸ்துமஸ் சந்தை, ராத்திரி கப்பலிலேயே தூக்கம். போய் வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அரண்மனை பார்ப்பது எப்படி என்று தர்மபுரிக்காரர்களுக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டாம். அந்தக் கலையில் நம்ம ஔவையார் பி.எச்டி.

தர்மபுரி அப்போது தகடூர். ராஜா, அதியமான் நெடுமான் அஞ்சி. அவருக்கும் காஞ்சித் தொண்டைமானுக்கும் உரசல் வர, ஔவை தூது போகிறார். போனவரிடம் தொண்டைமான் சமாதானம் பேசினாரா? அதுதான் இல்லை. ஆயுதக் கிடங்கைச் சுற்றிக் காட்டினார்! வேலுக்கெல்லாம் நெய் பூசி, மயில்பீலி அணிவித்து, மாலை வேறு. ஔவை நிதானமாகப் பார்த்துவிட்டு, ‘பிரமாதம்! எங்க ராஜாவோட வேல் எல்லாம் நுனி முறிஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்கு’ என்கிற ரீதியில் ஒரு போடு போட்டார். ஏறியே பார்க்காத டிரெட்மில்லுக்கு உறை தைத்துப் போட்டு வைத்திருப்பவரின் முகம் அப்போது எப்படி இருக்குமோ, தொண்டைமானுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இந்த ஔவையை எல்பே நதிக் கப்பலில் ஏற்றி ஜெர்மனியின் டிரெஸ்டனில் இறக்கினால்?

அங்கே ஹீரோ, அந்த ஊரிலிருந்து ஆண்ட ‘பலசாலி’ அகஸ்டஸ். பட்டம் சும்மா வரவில்லை. 1711இல் ஒரு குதிரை லாடத்தை வெறுங்கையால் உடைத்தாராம். உடைந்த லாடத்தைப் பத்திரமாக மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். குதிரையின் அபிப்பிராயம் பதிவாகவில்லை.

அடுத்து பீங்கான். ஐயாவுக்குச் சீனப் பீங்கான் என்றால் உயிர். 1717இல் பிரஷ்ய ராஜாவிடம் தன் குதிரைப்படை வீரர்கள் 600 பேரைக் கொடுத்துவிட்டு 151 பீங்கான் சாமான்களை வாங்கிக்கொண்டார். ஆமாம், எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்! தொண்டைமானாவது வேலைத் துடைத்துத்தான் வைத்தார். இவர் வேல் பிடித்த ஆளையே போட்டுவிட்டு ஜாடி எடுத்தவர்.

மிச்சமிருந்த படையையாவது ஊருக்குக் காட்ட வேண்டாமா? 1730இல் சைட்ஹைன் என்ற இடத்தில் பிரம்மாண்ட அணிவகுப்பு. யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஞாபகம் இருப்பதெல்லாம் அங்கே வந்த 1.8 டன் ‘ஸ்டோலன்’ கேக்தான். வெட்ட 1.6 மீட்டர் கத்தி! 1434இல் தொடங்கிய டிரெஸ்டன் சந்தையில் இன்றும் டிசம்பரில் ராட்சத கேக் ஊர்வலம் போகிறது. மன்னரின் போர்களில் ஜெயித்தது மைதா ஒன்றுதான்.

ரொம்பச் சிரிக்காதீர்கள். நம்ம அதியமானும் ஔவைக்குப் பரிசு தராமல் வாசலில் காக்க வைத்தவர்தான். வாங்கிக் கட்டிக்கொண்டவர், பாவம், வாயில்காப்போன்.

சரி, இதெல்லாம் இங்கே உண்டா? ஆறு கேட்டால் ஒகேனக்கல்லில் காவிரி. கப்பலுக்குப் பரிசல். சந்தைக்கு, சுடச்சுட மீன் வறுவல். அரண்மனைதான் மிஸ்ஸிங். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை வந்து தகடூரை நொறுக்கிவிட்டார். நொறுக்கியதோடு விட்டாரா? ‘தகடூர் எறிந்த’ என்று பெயருக்கு முன்னால் இனிஷியல் மாதிரி சேர்த்தும் கொண்டார்.

அப்பேர்ப்பட்ட முரட்டு ஆசாமியின் அரண்மனைக்குள் மோசிகீரனார் என்ற புலவர் நுழைகிறார். நடந்த களைப்பு. அங்கே அரச முரசுக்கென்றே தனிக் கட்டில். முரசு குளிக்கப் போயிருந்ததால் அது காலி. பூப்போட்ட மெத்தென்ற கட்டில். ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். அந்தக் கட்டிலில் படுத்தால் தலை போகும். ராஜா வந்தார், பார்த்தார், விசிறியை எடுத்து வீச ஆரம்பித்துவிட்டார்!

டிரெஸ்டனில் இதை முயற்சி செய்து பார்க்காதீர்கள். அங்கே செக்யூரிட்டி விசிறியோடு வர மாட்டார்.